ஒரே வீட்டில் இழவும் வழக்கும்: கொழும்புத் தொடர்மாடிகளில் அயலவர் செய்ய வேண்டியவை

பெற்றோரையோ கூடப்பிறந்தவரையோ கொன்றதாகப் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று பிடிபட்டால், லிஃப்ட் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எங்கும் இதுதான் நிலைமை. மற்றக் கொலை வழக்குகளில் இறந்தவரின் குடும்பம் ஒரு பக்கம் நிற்கும், பிடிபட்டவரின் குடும்பம் மறுபக்கம் நிற்கும். இங்கே இரண்டும் ஒரே குடும்பம். அந்தப் பிள்ளையைத் திட்டி எழுதும் வரியைப் படிக்கப் போவது பிரேத அறை வாசலில் நிற்கும் அதே பெரியம்மாவும் அதே தங்கச்சியும்தான். அயலவர், உறவினர், ஆசிரியர், வட்ஸ்அப் குழு நடத்துபவர் எல்லாரும் இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படிக்கலாம்.

முதல் சில மணித்தியாலம்

பொலிஸுக்கு 119. உயிர் இருக்கலாம் என்று தோன்றினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கதவு திறந்து கிடந்தாலும், உயிர் காப்பாற்றும் தேவை இல்லையென்றால் உள்ளே போக வேண்டாம். போனவர் எந்த வழியால் போனார், எதைத் தொட்டார் என்பதைப் பொலிஸிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பிடியில் இருக்கும் உங்கள் விரலடையாளத்துக்கு அப்போதே விளக்கம் கிடைத்துவிடும். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அது முளைத்தால் கதை வேறு. படிக்கட்டில் இரத்தம் இருந்தாலும் காவலாளி தண்ணீர் ஊற்றக் கூடாது. பெரும்பாலான கட்டடங்களில் முதலில் நடக்கும் பிழை இந்தத் தண்ணீர்தான், அதுவும் நல்லெண்ணத்தில்.

சிசிடிவியை அன்றைக்கே கவனிக்க வேண்டும். எட்டு கமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு வாரத்தில், கூடிப்போனால் இரண்டு வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பல கட்டடங்களில் இந்தக் கடிகாரம் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக ஓடும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வழக்கே தொங்கும். பிறகு பொலிஸ் கேட்கும் பகுதியைப் புதிய பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள். பெட்டியையே கொண்டு போனால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். திரையைக் கைப்பேசியால் படம் பிடித்த துண்டு ஒன்று வெளியே போனால், மூலப் பதிவிலும் கைவைத்தார்கள் என்று வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். இலத்திரனியல் பதிவுகளை நீதிமன்றம் ஏற்கும் முறையை 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதில் மூலப் பதிவு எப்படி இருந்தது என்பது பெரிய விஷயம். காவலாளியின் வருகைப் பதிவேட்டையும் பூட்டி வையுங்கள். விடுபட்ட வரியை யாரும் ஞாபகத்தில் நிரப்பக் கூடாது.

வட்ஸ்அப் குழு

அட்மின் செய்ய வேண்டிய முதல் வேலை, குழு அனுமதிகளுக்குள் போய் செய்தி அனுப்புவதை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுவது. பிறகு ஒரே ஒரு செய்தி போடலாம்:

“நம் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. பொலிஸ் விசாரணை நடக்கிறது. படம், வீடியோ, குரல்பதிவு எதையும் எங்கேயும் பகிர வேண்டாம். பார்த்தவர்கள், கேட்டவர்கள் நேரே பொலிஸிடம் சொல்லுங்கள். இறுதிக்கிரியை விவரம் குடும்பத்தார் சொன்னதும் இங்கே வரும்.”

பெயர், வீட்டு இலக்கம், பாடசாலை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறுவர் உரிமை சமவாயத்தில் இலங்கை 1991 இலேயே இணைந்தது. குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுக்குக் குறைந்தவரின் அந்தரங்கத்தை வழக்கின் எல்லாக் கட்டத்திலும் காக்க வேண்டும் என்கிறது அதன் 40 ஆம் உறுப்புரை. பெயரை மட்டும் மறைத்து, “இன்ன பாடசாலை ஓஎல் மாணவன், அப்பா வங்கி மனேஜர்” என்று எழுதினால் மறைத்ததற்குப் பயனில்லை.

இரத்தப் படங்களை அட்மின் எல்லாருக்குமாக அழிக்கலாம். ஆனால் வந்து இரண்டரை நாளுக்குள் அழிக்க வேண்டும். பலருடைய கைப்பேசியில் படம் தானாகவே கேலரியில் சேர்ந்திருக்கும், அதையும் அழிக்கச் சொல்லுங்கள். இதிலேயே எதிர்ப்பக்கப் பிழையும் நடக்கிறது. பயந்துபோய் முழு உரையாடலையும் துடைத்துவிடுகிறார்கள். இறந்தவரோ பிடிபட்ட பிள்ளையோ முந்தின நாட்களில் உங்களுக்கு அனுப்பிய எதையும், ஒரு சாதாரண “குட் நைட்” ஆனாலும், தொடாமல் வையுங்கள். அந்தப் பிள்ளையின் பேஸ்புக் கடவுச்சொல் தெரிந்த மச்சான்மார் உள்ளே போய்ப் பார்க்கவே கூடாது. கடைசியாக யார் எப்போது நுழைந்தார் என்பது பதிவாகும்.

“ஒத்துக்கொண்டானாம்”

முதல் இரவிலேயே இந்தச் செய்தி வரும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஒப்புக்கொண்டான் என்பது உண்மையாகவே இருந்தாலும் வழக்கு அதில் நிற்காது. மரபணு, கைரேகை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, நேரில் கண்டவர் வாக்குமூலம் இவற்றில்தான் நிற்கும்.

2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது 17 வயது மாணவன் ஒருவனும் பிடிபட்டான். நாடே அவனைக் குற்றவாளி என்று பேசியது. மரபணு பொருந்தாமல் அவன் விடுவிக்கப்பட்டான். அது குடும்பக் கொலை அல்ல, ஆனால் பிடிபட்டவுடன் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதே ஆண்டு மே மாதம் புங்குடுதீவு மாணவி கொலையை அடுத்து யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் எறிந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். கல்லெறிந்தவர்களும் பிணைக்கு அலைந்தார்கள். அந்தக் கொலை வழக்கின் தீர்ப்பு வந்தது 2017 செப்டெம்பரில், சாட்சியங்களின் மேல்.

“தூக்கில் போடு” என்று எழுதுகிறவர்களுக்குச் சில விபரம். தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்ப்பார். அதற்கு மேல் வழக்கு உண்டு, ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மரணதண்டனை விதிக்க முடியாது. 18, 19 வயது என்றால் பெரியவருக்குரிய சட்டம்தான். தண்டனை விதித்தாலும் 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை.

காரணம் தேடுவதும் இதே வகை. ஒரு மணித்தியாலத்தில் ஐஸ் போதைப்பொருள், கேம், காதல், ரியூஷன் அழுத்தம் நான்கும் வந்துவிடும். நான்கையும் சொல்கிறவர் ஒரே ஆளாகவும் இருப்பார். மனநிலை பற்றிய கேள்வி இருந்தால் நீதிமன்றம் மனநல வைத்தியரின் அறிக்கையைக் கேட்கும். அதுவரை உங்கள் ஊகம் வகுப்பில் இருக்கும் மற்றொரு அமைதியான பிள்ளையைத்தான் சந்தேகத்துக்குள் தள்ளும்.

பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கும்போது

கண்டது, கேட்டது, நேரம், தூரம். இவ்வளவும் போதும். “11.20 போல மேல் வீட்டில் கதிரை விழுந்த மாதிரி இரண்டு சத்தம், பிறகு தண்ணீர் ஓடும் சத்தம்” என்றால் அது சாட்சியம். “அவன் எப்பவும் ஒரு மாதிரித்தான்” என்பது சாட்சியம் அல்ல, ஆனால் எழுதப்பட்டுவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை வைத்து உங்கள் பாரபட்சத்தைக் காட்டுவார், 11.20 உம் அதோடு போய்விடும். கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுவார்கள். தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்டு, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகே கையெழுத்து. மொழிபெயர்த்தவர் யார் என்று குறித்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கண்டதை உங்கள் கையாலேயே திகதியோடு எழுதி வையுங்கள். பயமுறுத்தல் வந்தால், சாட்சிகளைப் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் அதற்கென ஓர் அதிகாரசபையும் உண்டு.

செத்தவீடு

இதில்தான் அயலவர் அதிகம் உதவலாம், அதிகம் கெடுக்கவும் செய்யலாம்.

பிரேத பரிசோதனை முடியும்வரை உடல் கிடைக்காது. கிடைத்த பிறகும், பின்னர் தோண்டி எடுக்க வேண்டி வரலாம் என்பதால் தகனம் செய்யாமல் புதைக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். எரிப்பதே வழக்கமான சைவக் குடும்பத்துக்கு இது இரண்டாவது இடி. மலர்ச்சாலைக்கும் ஐயருக்கும் முற்பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கனத்தை மயானத்தில் தகன நேரம் எடுத்து, மரண அறிவித்தலும் போட்ட பிறகு மாற்றுவது எல்லாருக்கும் வேதனை.

அடுத்தது கொள்ளி. பிடிபட்டவன் ஒரே மகனாக இருந்தால் கிரியை செய்ய வேண்டியவன் விளக்கமறியலில் இருக்கிறான். பங்காளிகளில் ஒருவர் செய்யலாம். யார் என்பதைக் குடும்பத்தில் மூத்த ஒருவரும் ஐயரும் பேசி முடிக்கட்டும். மண்டபத்தில் பத்துப் பேர் நின்று ஆலோசனை சொல்லத் தேவையில்லை. மரண அறிவித்தலில் “இன்னாரின் பாசமிகு தந்தை” என்ற வரியில் அந்தப் பிள்ளையின் பெயர் வருமா வராதா என்பதும் அப்படித்தான். சில குடும்பம் போடும், சில விடும், சில பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையுமே விட்டுவிடும். போட்டால் ஏன் போட்டார்கள் என்றோ, விட்டால் ஏன் விட்டார்கள் என்றோ கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கனடா, லண்டன் உறவுகளுக்காக நேரலை போட்டால் பின்னூட்டங்களை மூடிவிடுங்கள். இதை மறக்கிறவர்கள் அதிகம்.

உயிரோடு இருப்பவரிடம் “முதலே தெரியேல்லையா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டு இருக்கிறார். கணவனைப் பறிகொடுத்த தாய், “அவனுக்குச் சாப்பாடு குடுத்திருப்பாங்களா?” என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். “விசாரிச்சுச் சொல்றன் அக்கா” என்று சொல்லி, உண்மையாகவே விசாரியுங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு முறை வைத்து அனுப்புங்கள்: நாளுக்கு ஒரு வீடு, மரக்கறி, திருப்பித் தர வேண்டாத பெட்டியில். எட்டுச் செலவு வரை எல்லாரும் வருவார்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள், அதற்கும் ஒருவரைப் பொறுப்பு வையுங்கள்.

சட்டத்தரணி தேட உதவுவது கொலைக்குத் துணை போவதல்ல. வசதி இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கொலை வழக்கில் பிணை கேட்க மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்பதால், “நாளைக்கு விட்டுடுவாங்க” என்று யாரும் ஆறுதல் சொல்லாதிருப்பது நல்லது.

வீட்டைச் சுத்தம் செய்வது

பொலிஸ் வீட்டைக் கையளித்த பிறகுதான், அதுவும் முடிந்தால் எழுத்தில். குடும்பத்தார் கையால் செய்ய விடாதீர்கள். கூலிக்கு இருவரை வையுங்கள். கையுறை, முகக்கவசம், காலுறை. முதலில் குளிர்ந்த தண்ணீர், சுடுதண்ணீர் இரத்தத்தை இறுக்கிவிடும். பிறகு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். ப்ளீச்சோடு ஹார்பிக் போன்ற அமிலம் கலந்த எதையும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். மெத்தையைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி ஒட்டி, பின்வாசலால் இறக்குங்கள். காலி வீதியோரம் மாநகரசபை லொறிக்காகச் சும்மா வைத்தால் பத்து நிமிடத்தில் யூரியூப்பில் வரும்.

வாசலில் கமரா, வகுப்பில் பிள்ளைகள்

ஊடகத்துக்கு ஒருவர்தான் பேச வேண்டும், ஒரு வரிதான்: “விசாரணை நடப்பதால் நாங்கள் எதுவும் சொல்வதற்கில்லை, குடும்பத்தின் துயரத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.” காவலாளிக்கும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நிற்கும் அண்ணமாருக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள். பேட்டி கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பிடிபட்டவரின் படம் வெளியானால், பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கும் பெறுமதி இருக்காது.

வகுப்பாசிரியர் முதல் பாடத்திலேயே பத்து நிமிடம் எடுத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, பழைய வகுப்புப் படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்க வேண்டும். மௌனமாக இருந்தால் பிள்ளைகள் டிக்டொக்கில் படித்துக்கொள்வார்கள். தப்பிய சகோதரம் இருந்தால், அந்த இரவைப் பற்றி ஆசிரியரோ மாமியோ துருவிக் கேட்கக் கூடாது. பலமுறை சொன்ன பிள்ளையின் நினைவில் பெரியவர்களின் சொற்கள் கலந்துவிடும், வழக்கில் அதுவே பலவீனமாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929, மனநல உதவி 1926. நித்திரையில்லாத அயலவரும் 1926 ஐ அழைக்கலாம்.

குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றத்துக்கு வரவே நீண்ட காலம் எடுக்கும். அதற்குள் வீடு மாறினால், வாக்குமூலம் கொடுத்த பொலிஸ் நிலையத்தில் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய், நீங்கள் வராமல் போனால், உங்கள் பெயரில் பிடியாணை பிறக்கலாம்.