சென்சார் ஒட்டிய கை வலிக்கும்போது: பார்க்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

சர்க்கரை நோய் உள்ளவர்களின் சர்க்கரை அளவை இடைவிடாமல் காட்டும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு சென்சாரை மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்ட பலருக்கு முதல் நாளிலேயே எழும் கேள்வி, கை வலிக்கிறதே, இதை எடுத்துவிடலாமா என்பதுதான். ஒரு முறை எடுத்த சென்சாரை மீண்டும் ஒட்ட முடியாது என்பதால், இரண்டு வாரம் உழைக்க வேண்டிய, விலை குறைவில்லாத ஒரு பொருள் அன்றே குப்பைக்குப் போய்விடும். எல்லா வலியையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதும் சரியாகாது. அவற்றுள் சில, புண்ணாகவோ கடும் ஒவ்வாமையாகவோ முற்றக்கூடியவை. ஆகவே வலி எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எதைச் செய்யும்போது கூடுகிறது என்ற மூன்றையும் கவனித்த பின்னரே சென்சாரை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பலரும் அறிந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகையை எடுத்துக்கொண்டால், பொருத்தும் கருவியை அழுத்தும்போது ஓர் ஊசி உள்ளே சென்று உடனே வெளியே வந்துவிடுகிறது; ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் உள்ள வளையும் இழை மட்டுமே தோலடிக் கொழுப்பில் தங்கி, அங்குள்ள திசுநீரின் சர்க்கரை அளவைக் கணிக்கிறது. ஊசியே கைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. கையை அப்படியே வைத்திருந்தால் தோள் இறுகி, அதனால் வேறொரு வலிதான் வந்து சேரும்.

ஒட்டிய சில மணி நேரத்துக்கு அந்த இடம் தொட்டால் நோவதும், தடுப்பூசி போட்டதுபோல் லேசாகக் கடுப்பதும் இயல்பானவை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சென்சாரின் நடுத்துளை வழியே சிறிது இரத்தம் கசிந்தாலும், சுற்றிலும் சற்றே கன்றிப்போனாலும் அஞ்ச வேண்டியதில்லை. கசிவு நிற்காமல் தொடர்ந்தால் மட்டும் சென்சாரைக் கழற்றிவிட்டு, சுத்தமான பஞ்சால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் கன்றிப்போதல் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதற்காக அம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

ஒட்டிய கணத்திலேயே சுரீரென்று குத்தி, பிறகும் குறையாமல் நிற்கும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. கையை நீட்டி மடக்கும்போதெல்லாம் குத்துகிறது என்றால் இழை தசையைத் தொட்டிருக்கக்கூடும்; மின்சாரம் பாய்வதுபோல் முழங்கையை நோக்கி இறங்கினாலோ மரத்துப்போனாலோ ஒரு நரம்பு சீண்டப்பட்டிருக்கலாம். கொழுப்பு குறைந்த மெலிந்த கைகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். இத்தகைய வலி நாளடைவில் பழகிவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அந்தச் சென்சாரைக் கழற்றிவிடுவதே சரி. கழற்றிய பிறகும் மரத்துப்போன உணர்வு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சென்சாரால் வரும் தொல்லைகளில் கணிசமானவை, இடத்தைச் சரியாகத் தேர்ந்தாலே வராமல் போகும். கையை வளைத்து எதிர்த் தோளில் வைத்துக்கொண்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பின்புறத்தில், விரல்களால் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்குச் சதை இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். மேற்கையின் உட்பக்கத்தில் தோல் மெல்லியது, முக்கிய இரத்தக்குழாயும் நரம்புகளும் அப்பக்கமாகச் செல்கின்றன. எனவே அதைத் தவிர்க்க வேண்டும். தழும்பு, மச்சம், தோல்வரி ஆகியவற்றின் மீதும், இன்சுலின் போட்டுப் போட்டுத் தடித்துப்போன பகுதியிலும் ஒட்டக் கூடாது. இன்சுலின் போடும் இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மணமில்லாத சாதாரண சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அந்த ஈரமும் முற்றிலும் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். காயும் முன் ஒட்டினால் எரியும், பசையும் பிடிக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் புதிய சென்சாரை ஒட்டாமல் மறுநாளுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

சில நாள் கழித்து, அதிலும் காலையில் எழும்போது வலிக்கிறது என்றால், பெரும்பாலும் அழுத்தமே காரணம். சென்சார் உள்ள பக்கமாகப் படுத்துறங்கும்போது தோலும் கொழுப்பும் நசுங்கி அவ்விடத்தில் வலி வருவதோடு, திசுநீரின் ஓட்டமும் குறைந்து, உண்மையில் இல்லாத தாழ்சர்க்கரையைக் கருவி காட்டக்கூடும். நள்ளிரவில் எச்சரிக்கை ஒலி கேட்டு எழுந்து, வியர்வையோ நடுக்கமோ இல்லாமலேயே அவசரமாகச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, காலையில் 250 என்ற அளவைப் பார்த்துக் குழம்புவதற்கு இதுவும் ஒரு வழி. அந்தப் பக்கம் படுத்திருந்ததாகத் தோன்றினால், எழுந்து உட்கார்ந்து, குளுக்கோமீட்டரில் விரல்நுனி இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் இருந்தாலோ சோதிக்க வழியில்லை என்றாலோ, சர்க்கரையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. எந்தப் பக்கம் படுப்பது வழக்கமோ அதற்கு எதிர்க்கையில் ஒட்டிக்கொள்வதும், முதுகுப்புறமாக ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொள்வதும் பெரும்பாலோருக்குப் போதுமானவை.

உறக்கம் மட்டுமன்று, உடையும் அழுத்தும். இறுக்கமாகத் தைத்த ரவிக்கையின் கை விளிம்பு சரியாகச் சென்சாரின் மேல் அமர்ந்து நாள் முழுவதும் உராய்வதைப் பெண்கள் பலர் கவனிப்பதில்லை. விளிம்பு எங்கே முடிகிறது என்று உடுத்திப் பார்த்த பிறகு இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். கையில் கட்டிய தாயத்தும், தோளில் மாட்டும் பையின் வாரும் இதே தொல்லையைத் தரும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையை மற்றக் கையில் சுற்றச் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத் தயங்குபவர்களே அதிகம். செவிலியர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வலியைவிட அரிப்பு முன்னால் நிற்கிறது என்றால் கவனம் பசையின் மீது திரும்ப வேண்டும். வெயில் காலத்தில் வியர்வை பசைக்கடியில் தங்கித் தோல் சிவப்பது வெறும் உறுத்தல். கழற்றினால் விரைவில் தணியும். ஒவ்வாமை அப்படியன்று. முதல் சில சென்சார்களை எந்தத் தொல்லையும் இன்றி அணிந்தவருக்கு அடுத்ததில் அது திடீரெனத் தோன்றலாம். பசை பட்ட வடிவத்திலேயே தோல் சிவந்து தடித்து, சிறு கொப்புளங்கள் எழுந்து நீர் கசியும், கழற்றிய பின்னும் பல நாள் நீடிக்கும். ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்னும் வேதிப்பொருள் இதற்குக் காரணமாவதை பெல்ஜிய நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2017இல் லிப்ரே அணிந்தவர்களிடம் கண்டறிந்து வெளியிட்டார்கள். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. இவ்வகை ஒவ்வாமை வந்தவர்கள் அதே சென்சாரை மற்றக் கையில் ஒட்டிப் பார்ப்பது வீண் சோதனை. தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டு, எந்தச் சென்சாரில் அப்பொருள் இல்லை என்று கேட்டறிந்து மாற்றிக்கொள்வதே வழி. தோலில் பூசும் தடுப்புப் படலமும் ஹைட்ரோகொலாய்டு என்னும் காயங்களுக்கான மென்மையான ஒட்டும் உறுத்தலுக்கு உதவக்கூடும். கடும் ஒவ்வாமையை அவற்றால் மட்டும் நம்பிக்கையாகத் தடுக்க முடியாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து சென்சாரைச் சுற்றிப் பூசும் யோசனையை யாரேனும் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம்; இழை நுழைந்திருக்கும் திறந்த துளையருகே அவை போகக் கூடாது.

வலி மாத்திரை போடுமுன் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். டெக்ஸ்காம் என்னும் மற்றொரு நிறுவனத்தின் ஜி6, ஜி7 சென்சார்களை அணிந்தவர்கள் 6 மணி நேரத்துக்கு 1 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் எடுத்தால் கருவி சர்க்கரையைக் கூட்டிக் காட்டலாம். லிப்ரே 2, லிப்ரே 3 ஆகியவற்றில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வைட்டமின் சி அதே பிழையைச் செய்யும். பொய்யாகக் கூடிய அளவைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிவிடுவது கை வலியைவிடப் பெரிய கேடு. பனிக்கட்டி ஒத்தடம் கொடுப்பதானால் துணியில் சுற்றி, சென்சாரின் மீது படாமல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சென்சார் இருக்கும் கையில் வலிக்கிறது என்பதாலேயே அது சென்சாரால் வந்ததாகிவிடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, முதுகுப்பக்கம் கொண்டுபோக முடியவில்லை என்றால் தோளைத்தான் பரிசோதிக்க வேண்டும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், வியர்வை, தாடையிலோ கையிலோ பரவும் வலி ஆகியவை தோன்றினால் சென்சாரைப் பற்றி யோசிக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரக்கூடும்.

நாளாக ஆகச் சிவப்பு விரிந்துகொண்டே போவது, தொட்டால் சுடுவது, வீங்குவது, சீழ் வடிவது, காய்ச்சல் அடிப்பது ஆகியவை தொற்றின் அறிகுறிகள். அன்றே கழற்றி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சென்சாரின் நாள் முடியட்டும் என்று எண்ணக் கூடாது.

கழற்றும்போது வெடுக்கென்று இழுத்தால் தோல் உரியும். தேங்காய் எண்ணெயை விளிம்பில் விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மற்றொரு கையால் மெதுவாக உரிக்க வேண்டும். இழை முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். முறிந்து உள்ளே தங்கியதாகத் தோன்றினால் ஊசியால் தோண்டாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த சென்சாரை மற்றக் கையில் ஒட்டி, பழைய இடம் ஆறுவதற்கு அவகாசம் தர வேண்டும். வலியாலோ ஒவ்வாமையாலோ நாள் முடியுமுன் கழற்றியிருந்தால், சென்சாரையும் பெட்டியையும் உடனே எறியாமல், தோலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தொடர் எண்ணுடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் காரணத்தைத் தெரிவித்து, மாற்று சென்சார் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.