பிரேக் ஒயில் கசிவு: கண்ணுக்குத் தப்பிய செப்பு வொஷர்

வேனின் முன் இடதுபக்க பிரேக் ஹோஸை வீட்டிலேயே மாற்றிய பின்னர், மிதியை அழுத்திப் பிடித்தால் அது மெல்லக் கீழிறங்கியதுடன், தொட்டியில் ஒயிலின் மட்டமும் குறைந்துகொண்டே வந்தது. கினிகத்தேனை இறக்கத்தை நினைத்து வேனை வெளியில் எடுக்கவில்லை. ஹட்டன் தூறலில் சக்கரம் எந்நேரமும் ஈரமாகவே இருப்பதாலும், பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்து ஓடிவிடுவதாலும், கசியும் இடம் பிடிபடவில்லை. காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகை இறுக்கினேன், காற்றை மறுபடி வெளியேற்றினேன், பிரேக் பட்டைகளை அழுத்தும் கலிப்பரின் ரப்பர் சீலையும் பார்த்தேன், எதிலும் குறையில்லை.

இறுதியில் சக்கரத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவிவிட்டுத் தம்பியை மிதியை அழுத்தச் சொன்னபோது, ஹோஸ் கலிப்பரில் சேரும் போல்ட்டின் அடியில் மட்டும் பவுடர் நனைந்து கறுத்தது. ஹோஸின் முனையில் போல்ட் நுழையும் வளையத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு செப்பு வொஷர்தான் இருக்க வேண்டும். இங்கோ பழைய வொஷர் ஒன்று அழுக்கேறி, இரும்பு வார்ப்பின் நிறத்திலேயே கலிப்பரோடு ஒட்டிக்கிடக்க, புதியது அதன்மேல் அமர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிய பிறகே செம்பு மின்னியது. அதனை நெம்பி எடுத்து, வொஷர் அமரும் பரப்பைக் கீறாமல் துடைத்து, இரண்டு புதிய வொஷர்களையும் இட்டு இறுக்கிக் காற்றை வெளியேற்றியதும் மிதி உறுதியாக நின்றது. சிந்திய ஒயிலை உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள், பெயின்டை அரித்துவிடும்.