குழந்தைக்குக் கத்தரிக்கோல் பழக்குவது எப்படி? முதல் நறுக்கிலிருந்து வட்டம் வரை

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் தாள் மடங்கும், கசங்கும், பிள்ளை எரிச்சலில் தூக்கிப் போடும். "இவனுக்கு இன்னும் வரலை" என்று நாமும் எடுத்து வைத்துவிடுவோம். பல நேரம் குறை பிள்ளையின் கையில் இருக்காது. தாள் மெல்லியதாக இருக்கும், அல்லது கத்தரி அந்தக் கைக்கு ஒத்துவராது. அதனால் முதலில் பொருளைப் பார்ப்போம்.

கத்தரியும் தாளும்

நுனி மழுங்கிய, 12–13 செ.மீ. நீளமுள்ள கத்தரி போதும். அலகு உலோகமாக இருக்க வேண்டும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருவது மாவை வெட்டும், தாளைக் கசக்கும். வாங்கும்போதே ஒரு துண்டுத் தாளை வெட்டிப் பாருங்கள். நுனிவரை சுத்தமாக வெட்ட வேண்டும். திருகாணி தளர்ந்த கத்தரி வேண்டாம். அலகுகள் விலகினால் தாள் நடுவில் நுழைந்து மடங்கிக்கொள்ளும்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கைக் கத்தரிதான் வாங்க வேண்டும். சாதாரணக் கத்தரியை வலது கையால் அழுத்தும்போது அலகுகள் ஒன்றோடொன்று நெருங்கும்; இடது கையால் அழுத்தினால் விலகும். பிடியை மட்டும் பெரிதாக்கி "இரண்டு கைக்கும்" என்று விற்பதில் அலகு மாறியிருக்காது. கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பாவம்.

தாளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட நல்லது கிடையாது. விறைப்பாக நிற்கும், வெட்டும்போது மடங்காது. செய்தித்தாள், தினசரிக் காலண்டர் தாள் எல்லாம் கை தேர்ந்த பிறகு.

கத்தரிக்கு முன்னால்

கத்தரியை மூடுவது எளிது. வேண்டிய அளவுக்குத் திறப்பதுதான் சிரமம். அதைப் பழக்க வீட்டிலேயே வேலை இருக்கிறது. துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டி எடுக்கட்டும். சப்பாத்தி இடுக்கியால் பஞ்சு உருண்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றட்டும். முருங்கைக்கீரை உருவட்டும். பழைய தாளை நீளநீளமாகக் கிழிப்பதும் பயிற்சிதான்: ஒரு கை முன்னே போக, மறு கை பின்னே வர வேண்டும். பட்டாணி, மணி போன்ற சின்னப் பொருளை 3 வயதுக்குள் கொடுக்க வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பிடி

இங்கே அவசரப்படாதீர்கள். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ பதியும்படி உட்கார வையுங்கள். சின்ன வளையத்தில் கட்டைவிரல், பெரிய வளையத்தில் நடுவிரல். ஆள்காட்டி விரல் வெளியே, வளையத்தைத் தாங்கியபடி. பெரிய வளையத்தில் இடமிருந்தால் மோதிர விரலும் சேரலாம்.

முக்கியமானது, கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும், டம்ளரைப் பிடிப்பது போல. பெரும்பாலான பிள்ளைகள் மணிக்கட்டைத் திருப்பிக் கட்டைவிரலைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு கட்டைவிரல் நகத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டு, "பொட்டு உன்னைப் பார்க்குதா?" என்று கேளுங்கள். தாளைப் பிடிக்கும் கையிலும் கட்டைவிரல் மேலேதான்.

அப்படியும் திரும்பினால், அட்டையின் மேல் விளிம்பை நீங்கள் பிடித்து, பிள்ளையின் கண் உயரத்தில் தொங்கவிட்டு, கீழிருந்து மேலே வெட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் கட்டைவிரல் தானாக மேலே வந்துவிடும். முழங்கை இறக்கை மாதிரி விரிந்தால், மடித்த துண்டு ஒன்றை அக்குளில் வைத்து, அது விழாமல் வெட்டச் சொல்லலாம்.

வெட்டும் வரிசை

முதலில் சப்பாத்தி மாவைப் பாம்பாக உருட்டித் துண்டுபோடட்டும். பிறகு 1.5–2 செ.மீ. அகல அட்டைப் பட்டை: ஒரே நறுக்கில் துண்டு கீழே விழும். பிள்ளைக்கு அதில் தனி சந்தோஷம். ஏறத்தாழ 2½–3 வயதில் இது வரும். வெட்டிய துண்டுகளை ஒரு தட்டில் சேர்த்து வைத்தால், பின்னால் படத்தில் ஒட்டலாம்.

அடுத்து 5 செ.மீ. அகலப் பட்டை. இப்போது "திற, தள்ளு, மூடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை மூடினால் விளிம்பு பல்பல்லாக வரும். முக்கால்வாசி மூடி, திறந்து, முன்னே தள்ள வேண்டும். பாதியில் தாளைக் கிழித்து இழுக்கிறதென்றால் பட்டை அகலம் அதிகம், குறையுங்கள்.

பிறகு கோடு. 10 செ.மீ. நீளத்துக்கு, 1 செ.மீ. தடிமனாக ஸ்கெட்ச் பேனாவால் நிரப்புங்கள். அந்தப் பாதைக்குள் கத்தரி போனாலே வெற்றி. இரண்டு மூன்று வாரத்தில் கோட்டை மெல்லியதாக்கலாம். 3½–4 வயதில் பலருக்கு இது கைகூடும்.

வளைவும் வட்டமும் 4–5 வயதில். வட்டத்தைச் சதுர அட்டையில் ஓரத்தை ஒட்டி வரையுங்கள், சுற்றியுள்ள வீண் அட்டை தொந்தரவு செய்யாது. வலது கைப் பிள்ளை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், இடது கைப் பிள்ளை முள் சுற்றும் திசையிலும் வெட்ட வேண்டும். அப்போதுதான் கோடு கண்ணுக்குத் தெரியும். கத்தரி நேராகவே நிற்க, தாள்தான் திரும்ப வேண்டும். முதலில் நீங்களே தாளை மெல்லத் திருப்பிக் கொடுங்கள். சதுரம் வட்டத்துக்குப் பிறகு வரட்டும். மூலையில் நிறுத்தித் திருப்புவது தனிப் பாடம்.

ஒரு தடவைக்கு 5–10 நிமிடம் போதும். விரல் களைத்தால் பிடி கலைந்துவிடும். உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், நீட்டும்போது மூடிய அலகைக் கைக்குள் பொத்திப் பிடியை முன்னே நீட்ட வேண்டும். முடித்ததும் கத்தரி உங்கள் அலமாரிக்குப் போகட்டும். இல்லையென்றால் அடுத்து வெட்டுப்படுவது தங்கச்சியின் தலைமுடிதான்.