டைனர் காபி: வீட்டில் போடுவதும் ஊற்றித் தருவதும்

ஞாயிறு காலை நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்களா? அமெரிக்காவின் எளிய சிறு உணவகங்களான டைனர்களில் கொடுப்பதுபோல் காபி கொடுத்துப் பாருங்கள். 1872-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவு வேலைக்காரர்களுக்காகக் குதிரை வண்டியில் சாப்பாட்டுக் கடை போட்டார். டைனர்களுக்கு மூலம் அதுதான். சூடான காபி அப்போதிருந்தே கூட வருகிறது.

முதலில் தூள். சிக்கரி கலக்காததாக, மிதமாக வறுத்ததாக வாங்குங்கள். ரவைபோல் கொரகொரப்பாக அரைத்திருக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம். வெந்நீரைத் தானாகவே தூளில் சொட்டவிட்டு வடிக்கும் ட்ரிப் மெஷின் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் அரை அரை லிட்டராகப் போடுங்கள்: கூம்பு வடிகட்டியில் காகிதம் வைத்துத் தூளைப் போட்டு, கொதித்து அரை நிமிடம் ஆறிய நீரால் நனையுங்கள். 30 விநாடி பொறுத்து, மீதியை மெல்ல ஊற்றுங்கள். இது நம் டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியாக இருக்காது, அப்படி இருக்கவும் வேண்டாம். மூன்று மக் குடிக்க வேண்டிய காபி இது.

வடிந்ததும் ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். அடுப்புச் சூட்டிலேயே வைத்தால் அரை மணியில் கசந்துவிடும்.

கனத்த பீங்கான் மக் எடுத்து, வெந்நீரில் அலசி, மேஜையில் கவிழ்த்து வையுங்கள். வந்தவர் நிமிர்த்தி வைத்தால் காபி வேண்டும் என்று அர்த்தம். சரி, இனி ஊற்றலாம். பாலுக்கு ஒரு விரல் அளவு இடம் விடுங்கள். பாலும் க்ரீமும் சரிபாதி கலந்து தனியாக வையுங்கள், சர்க்கரையும் அப்படியே. நீங்களே கலந்து கொடுக்காதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். மக் பாதி காலியானதும், அவர் கேட்பதற்குள் நீங்களே ஃபிளாஸ்க்கோடு போய் நிற்க வேண்டும். டைனரில் இதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். பேச்சை நிறுத்த வேண்டாம், மக்கைக் கையில் எடுக்கவும் வேண்டாம், மேஜையிலேயே ஊற்றுங்கள். கறுப்பாகக் குடிப்பவருக்குத் தாராளமாக ஊற்றலாம். பால், சர்க்கரை கலந்தவரிடம் மட்டும் "ஊற்றட்டுமா?" என்று கேளுங்கள். அவர் கலந்துவைத்த அளவு மாறிவிடும் அல்லவா! மக்கின் மேல் கையை வைத்து மூடினால் போதும் என்று பொருள்.

காஃபீன் நீக்கிய காபியும் இருந்தால், அந்த ஃபிளாஸ்க்கில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிடுங்கள். டைனர்களில் அதன் குடுவைக்கு ஆரஞ்சு நிறப் பிடிதான். காஃபீன் நீக்கிய காபிக்குப் பெயர்பெற்ற சான்கா என்ற பிராண்டின் டப்பா நிறத்திலிருந்து வந்த வழக்கம்.

நாலு பேருக்கு 2 லிட்டராவது வேண்டும். முதல் லிட்டர் தீருமுன் அடுத்ததை வடிய விட்டுவிடுங்கள்.