பழைய ஆங்கில நாவலிலிருந்து சொல்வளம் சேர்ப்பது எப்படி?

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வு வரைக்கும் தாங்கும். எழுதும்போது தானாக வந்து விழ வேண்டும் என்றால், அந்தச் சொல்லை ஒரு ஆளோடு, ஒரு பேச்சுவார்த்தையோடு சேர்த்துச் சந்தித்திருக்க வேண்டும். எனக்கு அதைத் தந்தது ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’. 1813இல் வந்த நாவல், மொத்தம் 61 அத்தியாயங்கள். பெரும்பாலானவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். அதில் வருகிறவர்கள் ஓயாமல் ஒருவர் குணத்தை இன்னொருவர் எடைபோட்டுக்கொண்டே இருப்பதால், குணத்தைக் குறிக்கும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சொல் மனதில் தங்க அதைவிட நல்ல வழி இல்லை.

புத்தகம். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிண்டிலில் ஏற்றிக்கொள்ளலாம். நான் அச்சுப் புத்தகமும் பென்சிலும்தான் சொல்வேன். சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். நாம் தேடிப் போகிற சொற்களைத்தான் அதில் முதலில் வெட்டியிருப்பார்கள்.

முதல் வாசிப்பு. ஒரு அத்தியாயத்தை அகராதி தொடாமல் கடைசி வரை படியுங்கள். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று புரிந்தால் போதும்.

பொறுக்குவது. கோடு போட்டதில் ஐந்தே சொற்களை எடுங்கள். ‘பரூஷ்’, ‘ஃபேயிட்டன்’ எல்லாம் குதிரை வண்டி வகைகள், விட்டுவிடலாம். ‘எமியபிள்’ (இனிய சுபாவமுள்ள), ‘கௌன்டனன்ஸ்’ (முகம், முகபாவம்) போல அடிக்கடி வருபவற்றை விடாதீர்கள். 15ஆம் அத்தியாயத்தில் மிஸ்டர் காலின்ஸை ‘ப்ரைட்’, ‘அப்சீக்வியஸ்னெஸ்’ இரண்டும் கலந்த ஆள் என்கிறார் ஆஸ்டின். பெரிய இடத்தைக் கண்டால் குழைகிற அந்தப் பாதிரியாரைப் பார்த்தபிறகு ‘அப்சீக்வியஸ்னெஸ்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிவைக்கக்கூட வேண்டியதில்லை.

அகராதி. இங்கேதான் நிதானம் தேவை. இருநூறு வருடத்தில் பல சொற்களின் பொருள் நகர்ந்துவிட்டது. 14ஆம் அத்தியாயத்தில் காலின்ஸ், தன்னை ஆதரிக்கும் சீமாட்டி லேடி கேத்தரினின் ‘கான்டிசென்ஷன்’ பற்றி உருகி உருகிப் பேசுகிறார். இன்று யாரையாவது ‘கான்டிசென்டிங்’ என்றால், நம்மை மட்டமாக நினைத்துப் பேசுகிறவர் என்று அர்த்தம். கேட்டவர் முகம் சுருங்கும். காலின்ஸோ, உயர்ந்த நிலையில் இருப்பவர் இறங்கிவந்து சகஜமாகப் பழகுவதைப் பாராட்டுகிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் அந்தப் பேச்சே தலைகீழாகிவிடும். பழைய பொருளைக் கற்றுக்கொண்டு இன்று அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் வம்பு வரும்.

‘கேண்டர்’ இன்னொன்று. இன்று ஒளிவுமறைவில்லாத பேச்சு. 4ஆம் அத்தியாயத்தில் நாயகி எலிசபெத் தன் அக்கா ஜேனை ‘கேண்டிட்’ என்கிறாள். எல்லோரிடமும் நல்லதை மட்டும் பார்ப்பது, கெட்டதைப் பற்றி வாய் திறக்காதது என்று அடுத்த வரியிலேயே விளக்கமும் வந்துவிடுகிறது. ஆகவே அகராதிக்குப் போகும் முன் பக்கத்து வாக்கியங்களைப் பாருங்கள்.

அகராதிகளில் என் தேர்வு மெரியம் வெப்ஸ்டர். அதில் பொருள்கள் வரலாற்று வரிசையில் இருக்கும், பழையது முதலில். கற்பவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அகராதி இன்றைய வழக்குக்கு நல்லது. இரண்டையும் பார்த்து, குறிப்பேட்டில் ‘அன்று’, ‘இன்று’ என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

குறிப்பேடு. தனிச் சொல்லாக எழுதாதீர்கள், அதன் துணையோடு எழுதுங்கள். 3ஆம் அத்தியாயத்தில் பணக்கார இளைஞன் பிங்லிக்கு ‘அன்அஃபெக்டட் மேனர்ஸ்’ என்று வருகிறது. ‘அன்அஃபெக்டட்’ என்று மட்டும் எழுதினால் ‘பாதிக்கப்படாத’ என்று நினைப்பு ஓடும். ‘மேனர்ஸ்’ பக்கத்தில் இருந்தால்தான் பாசாங்கில்லாத பழக்கம் என்று பிடிபடும். அப்புறம், உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். திருப்பிப் பார்க்க, சொற்களை அட்டைகளாக எழுதிவைத்து அவ்வப்போது நினைவூட்டும் ஆங்கி செயலி போதும், ஆண்ட்ராய்டில் இலவசம். மற்றவர்கள் செய்துவைத்த அட்டைகளை இறக்காதீர்கள், உங்கள் கையால் எழுதியதுதான் ஒட்டும்.

பின்சேர்க்கை: வாக்கியம் மிக நீளம், பாதியில் தொலைந்துபோகிறோம் என்று சிலர் சொன்னார்கள். வாய்விட்டுப் படியுங்கள், அரைப்புள்ளி வரும் இடத்தில் நின்று, அதுவரை யார் என்ன செய்தார் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்.

உச்சரிப்பைப் பற்றியும் கேட்டார்கள். லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் இந்த நாவலுக்கு ஒன்றுக்கு மேல் உண்டு. இரண்டாம் வாசிப்பின்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். எழுத்தை நம்பிப் படித்தால் ‘கர்னல்’ ஃபிட்ஸ்வில்லியமின் பட்டத்தைக்கூட ‘கலோனல்’ என்று சொல்லத் தோன்றும். ஒலி நம் செய்தித்தாள்கள் எழுதுகிற அதே ‘கர்னல்’தான்.