"கணக்கில் தப்பு வந்தால் என்ன செய்வீங்க?": நேர்காணலில் பதில் சொல்லும் முறை

போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய்க் கடைகளில் கணக்கு எழுத ஆள் எடுக்கும்போது இந்தக் கேள்வி தப்பாமல் வரும். மலையேறிக் குமுளிப் பக்கம் வேலைக்குப் போனால் அதையே "தெற்று வந்நால் எந்து செய்யும்?" என்று மலையாளத்தில் கேட்பார்கள். எங்கள் கடையில் ஆள் எடுக்கும்போது முதலாளி பக்கத்தில் நானும் உட்காருகிறேன். "கவனமா இருப்பேன் சார், தப்பே வராது" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். நல்ல பிள்ளைகள்தான், பி.காம். முடித்து டேலி என்ற கணக்கு மென்பொருளும் கற்றவர்கள். ஆனால் கணக்கு என்றால் தப்பு வரும். வந்ததை இந்தப் பிள்ளை தேடுமா, மறைக்குமா என்றுதான் நாங்கள் பார்க்கிறோம்.

முதல் படி: ஒரே ஒரு தப்பை முழுசாகத் தெரிந்து வையுங்கள்

பொதுவாகப் பேசாதீர்கள். தொகையோடு ஒரு தப்பைச் சொல்லுங்கள். எல்லைப் பகுதியில் அடிக்கடி வரும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

வண்டன்மேட்டு வியாபாரியிடம் 1,00,000 ரூபாய்க்கு ஏலக்காய் வாங்கியிருக்கிறோம். சரக்கு போடிமெட்டு வழியாகக் கேரளாவிலிருந்து இங்கே இறங்குகிறது. மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் பில்லில் ஐஜிஎஸ்டி 5 சதவீதம், 5,000 ரூபாய். ஆனால் டேலியில் அந்த வியாபாரியின் பெயரில் லெட்ஜர், அதாவது பேரேட்டுக் கணக்கு, திறந்தபோது மாநிலம் "தமிழ்நாடு" என்று விழுந்துவிட்டது. அதனால் மாநிலத்துக்குள்ளேயே வாங்கினால் வரும் மத்திய வரி சிஜிஎஸ்டி 2,500, மாநில வரி எஸ்ஜிஎஸ்டி 2,500 என்று பதிவாகிறது.

இப்போது டிரையல் பேலன்ஸைப் பாருங்கள். பள்ளியில் இருப்பாய்வு என்று படித்தது இதுதான். பற்றும் வரவும் கச்சிதமாக நிற்கும். மொத்த வரியும் அதே 5,000. டிரையல் பேலன்ஸ் பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று நினைப்பவர் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் மாதம் 14ஆம் தேதி வரும் பட்டியல் ஜிஎஸ்டிஆர்-2பி. அதோடு நம் கொள்முதலை ஒப்பிடும்போதுதான் தெரியும். அங்கே ஐஜிஎஸ்டி 5,000 நிற்கும், நம் கணக்கில் அது இருக்காது. பில்லை எடுத்து ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. இதை நேர்காணலில் சொன்னாலே, இந்தப் பிள்ளை பில்லைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள்

எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, எங்கே தேடினீர்கள், யாரிடம் சொன்னீர்கள், எப்படித் திருத்தினீர்கள், மறுபடி வராமல் என்ன செய்தீர்கள். இந்த வரிசை போதும். கீழே வரும் 3பி என்பது வரி கட்டத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி; ஜர்னல் என்பது திருத்தப் பதிவு; உள்ளீட்டு வரி என்பது வாங்கும்போது கொடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரி. இப்படி:

"2பி-யோட ஒப்பிடும்போது ஒரு பில்லுல ஐஜிஎஸ்டி 5,000 இடிச்சுது சார். பில்லை எடுத்தேன், எண் 32ல ஆரம்பிச்சுது. சீனியர்கிட்ட பில்லைக் காட்டிச் சொன்னேன். 3பி இன்னும் போடலை. அவங்க சொன்னபடி ஜர்னல் போட்டேன்: ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரி பற்று 5,000, சிஜிஎஸ்டி வரவு 2,500, எஸ்ஜிஎஸ்டி வரவு 2,500. விவரத்துல பில் எண்ணும் காரணமும் எழுதினேன். லெட்ஜர்ல மாநிலத்தைக் கேரளான்னு மாத்தினேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். லெட்ஜரை மாற்றாமல் ஜர்னல் மட்டும் போட்டால் அடுத்த மாதமும் அதே தப்பு வரும். நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் பாதியை அதற்கே போடுவேன்.

அனுபவம் இல்லையா? டேலியில் பயிற்சிக்கு ஒரு கம்பெனி திறந்து, இந்தத் தப்பை நீங்களே செய்து திருத்திப் பாருங்கள். "பயிற்சியில் செய்தது" என்று அப்படியே சொல்லுங்கள். வேலை பார்த்த இடத்தில் நடந்ததாகக் கதை கட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாம் படி: தொகை இடித்தால் எங்கே தேடுவது

வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 4,650ஐ 4,560 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பற்றில் போட வேண்டிய 1,850ஐ வரவில் போட்டால் 3,700 இடிக்கும். இவை இரண்டும் எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான். தேடியும் கிடைக்காவிட்டால் வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் (சஸ்பென்ஸ்) வைப்பது உண்டு, ஆனால் அது தற்காலிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காம் படி: மடக்கும் கேள்விகள்

"தாக்கல் செய்த பிறகு தெரிந்தால்?" இது நாம் விற்ற பில்லில் வந்த தப்பைப் பற்றியது. விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்வது ஜிஎஸ்டிஆர்-1; போட்ட பிறகு அதை அழிக்க முடியாது. அதே மாத 3பி போடும் முன் தெரிந்தால் ஜிஎஸ்டிஆர்-1ஏ-யில் திருத்தலாம், 2024 ஆகஸ்டிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதையும் தாண்டினால் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல் திருத்தப் பகுதி. இதைச் சொல்லிவிட்டு, "ஆடிட்டரிடம் கேட்டுத்தான் செய்வேன்" என்றும் சேருங்கள். புதிதாக வருபவர் அப்படிச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

"பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சுலபம்தானே?" இது சோதனை. சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். "அழிக்க மாட்டேன் சார், திருத்தப் பதிவு போடுவேன். பழசும் தெரியணும், ஏன் மாத்தினோம்னும் தெரியணும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு பெற்ற கம்பெனிகள் கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனி முதலாளி நடத்தும் கடைக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

"சீனியர் செய்த தப்பைப் பார்த்தால்?" எல்லார் முன்னாலும் சொல்லாமல், அவரிடமே தனியாக, பில்லோடு போய், "அண்ணே, இதை ஒருதடவை பாருங்க, எனக்குப் புரியலை" என்று கேட்பேன் என்று சொல்லுங்கள். அவர் தட்டிக்கழித்தால் முதலாளியிடம் போவேன் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

போவதற்கு முந்தைய நாள் இரவு, இரண்டாம் படியில் உள்ள பதிலை உங்கள் தொகையோடு, உங்கள் வார்த்தையில், வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். கணக்கே தெரியாத அம்மாவுக்குப் புரிந்தால் முதலாளிக்கும் புரியும்.