விடாத இருமலா? பிராங்கைட்டிஸை வீட்டில் எப்படிக் கவனிப்பது, எப்போது மருத்துவரிடம் ஓடுவது

சளி பிடித்து, மூக்கு ஒழுகுவதெல்லாம் நின்ற பிறகு இருமல் மட்டும் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி படுத்தால் கூடும். பத்தாவது நாளும் இருமிக்கொண்டே இருந்தால் யாருக்கும் பயம் வரும். எனக்கும் வந்தது. அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் போகிறது. அந்தக் கிளைகளின் உட்புறச் சவ்வு வீங்கி, சளி அதிகமாகச் சுரப்பதுதான் பிராங்கைட்டிஸ். திடீரென வரும் வகையில் பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ்தான் காரணம். வைரஸ் சில நாட்களில் அடங்கிவிடும். புண்பட்ட சவ்வு ஆறத்தான் நாள் பிடிக்கும். அதுவரை குளிர்காற்று பட்டாலும் இருமல், வாய்விட்டுச் சிரித்தாலும் இருமல். இது இரண்டு மூன்று வாரம் நீடிப்பது சகஜம்.

படி 1: இருமல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். காய்ச்சலையும் அளந்து எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 2: ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் 92 சதவீதம் அல்லது அதற்கும் கீழே காட்டுவது: இவை அவசர சிகிச்சைக்கு உரியவை, காத்திருக்காதீர்கள். சளியில் ரத்தம், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, மூன்று நாளைத் தாண்டியும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் தொடக்கத்திலேயே போய்க் காட்டுவது நல்லது.

படி 3: ஆன்டிபயாடிக் வேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள். மருத்துவர் எழுதித் தராவிட்டால் நம்மைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்த மருந்து பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரலாம். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் பெருகியிருக்கும். சளி மஞ்சளாக, பச்சையாக வருவதால் மட்டும் பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களாலும் அந்த நிறம் வரும். நிமோனியா, கக்குவான் இருமல் போன்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. அப்போது மருத்துவரே எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், ஆன்டிபயாடிக்கும் தருவார். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் இன்ஹேலர் கொடுக்கலாம்.

படி 4: உடம்புக்கு இதம் கொடுங்கள். நன்றாகத் தூங்குங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், தலையணையைச் சற்று உயர்த்திப் படுங்கள். காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால் போதும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அதனால் லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு இருமல் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

படி 5: துணை வைத்தியம். இதில் நான் முதலில் சொல்வது தேன். படுக்கப் போகும்முன் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் இரவு இருமல் குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நக்கக்கூடக் கொடுக்காதீர்கள், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் தொண்டை எரிச்சல் தணியும். ஆவி இதமாகத்தான் இருக்கும், ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து வெந்துபோகிற விபத்துகள் நிறைய நடக்கின்றன. குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஈரக்காற்றைச் சுவாசித்தால் போதும். இஞ்சி, மஞ்சள் பானங்கள் தொண்டைக்குச் சுகம் தரும், நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூலிகை மாத்திரை எதையாவது எடுத்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள்.

அப்புறம், புகை. சிகரெட்டோ அடுப்புப் புகையோ, ஆறிக்கொண்டிருக்கும் சவ்வைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கும். வீட்டில் ஒருவர் இருமும்போது மற்றவர்களும் உள்ளே புகைக்காமல் இருக்க வேண்டும். வருடத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம் என்றால் அது நாள்பட்ட பிராங்கைட்டிஸாக இருக்கலாம். அதற்குப் பெருங்காரணம் புகைப்பழக்கம். “எனக்கு எப்போதும் இருக்கிற இருமல்தானே” என்று விட்டுவிடாமல், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.